மேலுடல் குட்டையாக உள்ளவர்கள் கவுனின் மேல் பெல்ட் அணியலாமா?

கேட்டவர்: நீலாம்பல்

அனைவருக்கும் வணக்கம். எனக்குக் கால்கள் நீளம். தோளிலிருந்து இடை வரையிலான பகுதி மட்டும் குட்டை. முழங்காலுக்குச் சற்றுக் கீழே வரும் வெளிர்மஞ்சள் காட்டன் கவுன் ஒன்று வைத்திருக்கிறேன். நேரான வெட்டு என்பதால் அது தொளதொளவென்று நிற்கிறது. இடை தெரியட்டும் என்று 6 செ.மீ. அகலமுள்ள அடர்பழுப்புத் தோல் பெல்ட்டை அதன்மேல் அணிந்து பார்த்தேன். இடை தெரிந்தது, ஆனால் மார்புக்கும் பெல்ட்டுக்கும் நடுவே இடமே இல்லாததுபோல் ஆகிவிட்டது. நடக்க நடக்கப் பெல்ட்டும் மேலே ஏறிக்கொள்கிறது. என் போன்ற உடல்வாகு உள்ளவர்கள் பெல்ட்டையே தவிர்த்துவிட வேண்டுமா, அல்லது வேறு விதமாகத் தேர்ந்தெடுக்க வேண்டுமா என்று விவரம் அறிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில்: ஊசிநூல்

வணக்கம் சகோதரி. தவிர்க்க வேண்டிய அவசியமே இல்லை. பெல்ட் என்பது உடலின் குறுக்கே விழும் ஒரு கோடு. அது எந்த இடத்தில் விழுகிறது, எவ்வளவு தடிப்பாக இருக்கிறது, உடையின் நிறத்திலிருந்து எவ்வளவு வேறுபட்டுத் தெரிகிறது என்பவற்றை வைத்தே, பார்ப்பவர் கண் உடலின் நீளத்தைக் கணக்கிடுகிறது. நீங்கள் அணிந்து பார்த்த பெல்ட் இந்த மூன்று வகையிலும் உங்கள் மேலுடலுக்கு ஒத்துவராதது: அகலம் மிகுதி, நிறம் அழுத்தம், இடமும் உயரம்.

முதலில் இடத்தைப் பார்ப்போம். கண்ணாடியின் முன் நின்று ஒரு பக்கமாகச் சாய்ந்தால் மடிப்பு விழும் இடமே உங்கள் இயற்கையான இடை. மேலுடல் குட்டையானவர்களுக்கு அது விலா எலும்பை ஒட்டியே இருக்கும். ஆகவே பெல்ட்டை அங்கே இறுக்காமல், 3 அல்லது 4 செ.மீ. கீழே, இடுப்பெலும்பின் மேல் விளிம்பை ஒட்டித் தளர்வாக இருத்துங்கள். அகலம் 2 முதல் 2.5 செ.மீ. போதும். நிறம் கவுனின் மஞ்சளைவிட ஒரு படி அழுத்தமாக இருக்கலாம். தேன் நிறமோ இளம்பழுப்போ நன்றாகப் பொருந்தும்.

பெல்ட் மேலே ஏறுவதற்குக் காரணம், அது உடலின் மிகக் குறுகிய இடத்தைத் தேடிச் செல்வதுதான். எவ்வளவு இறுக்கினாலும் அது நிற்காது. கவுனின் இரண்டு பக்கத் தையல்களிலும், துணியின் நிறத்திலேயே இரட்டை நூலால் சங்கிலிபோல் பின்னி, ஒவ்வொரு நூல் லூப் வைத்துவிடுங்கள். பெல்ட்டின் அகலத்தைவிட அரை செ.மீ. நீளமாக அந்த லூப் இருந்தால் போதும். பெல்ட் அணியாத நாளிலும் வெளியே தெரியாது.

அணியும் முறையும் முக்கியம். பெல்ட்டை மாட்டியபின் இரு கைகளையும் தலைக்கு மேல் தூக்கி இறக்குங்கள். துணி சற்று மேலெழுந்து பெல்ட்டின் மேல் விளிம்பில் லேசாகக் கவிந்துகொள்ளும். அந்தக் கவிவுதான் குறுக்குக் கோட்டை மென்மையாக்கி மேலுடலை நீட்டிக் காட்டும். நேரான வெட்டில் துணி மிகுதியாக இருக்குமாதலால், வயிற்றின் முன்னே குவியும் சுருக்கங்களை விரல்களால் தள்ளி முதுகுப்பக்கம் ஒதுக்கிவிடுங்கள். முன்பக்கம் படிந்திருந்தாலே பாதி வேலை முடிந்தது.

பதில்: தோல்வினைஞர்

மேலே சொல்லப்பட்டதை அப்படியே வழிமொழிகிறேன். வாங்கும்போது கவனிக்க வேண்டியவற்றைச் சேர்த்துக்கொள்கிறேன்.

பெல்ட்டின் அளவு என்பது பக்கிளின் முள் தொடங்கும் இடத்திலிருந்து நடுத்துளை வரையிலான நீளம். கவுனை அணிந்துகொண்டு, பெல்ட் உட்காரும் இடத்திலேயே, துணியின் மேல் டேப் வைத்து அளந்து, அந்த அளவு நடுத்துளையில் வருகிறதா என்று பாருங்கள். ஐந்து துளைகள் இருப்பது வழக்கம். நடுத்துளையில் பொருந்தினால் தோல் நாளடைவில் நீண்டாலும், நீங்கள் உடல் பெருத்தாலும் இளைத்தாலும், இருபுறமும் இடம் இருக்கும். நீளம் அதிகமாக இருந்தால் ஆணியால் புதுத்துளை போடாதீர்கள். தோலில் துளையிடுவதற்கான கருவியால் (பஞ்ச்) போடாத துளை ஓரத்தில் கிழியும். பக்கிள் திருகால் பொருத்தப்பட்டிருந்தால் அந்தப் பக்கத்தில் வெட்டிக் குறைப்பதே முறை. அப்போதுதான் துளைகள் இருந்த இடத்தில் இருக்கும், நுனியின் வடிவமும் கெடாது.

தோலின் தரத்தை அறிய வெட்டுமுனையைப் பாருங்கள். நல்ல தோலில் இழைகள் ஒன்றோடொன்று பின்னியது தெரியும். தோல் துகளைப் பசையோடு அழுத்தி மேலே பூச்சுக் கொடுத்த பெல்ட்டுகள் கடையில் பளபளவென்று இருந்தாலும், அடிக்கடி மாட்டும் துளையைச் சுற்றி விரைவில் வெடித்து உரியத் தொடங்கும். மெல்லிய பெல்ட்டில் இந்தக் குறை பளிச்சென்று தெரியும் என்பதால் அதில் தரத்தை விட்டுக்கொடுக்க வேண்டாம்.

கேட்டவர்: நீலாம்பல்

இருவருக்கும் மிக்க நன்றி. கையைத் தூக்கி இறக்கும் முறையை வீட்டிலிருந்த துணிப்பட்டையைக் கட்டிக்கொண்டு இப்போதே செய்து பார்த்தேன். வித்தியாசம் நன்றாகவே தெரிகிறது. அந்த அகலமான பழுப்பு பெல்ட்டை நான் வேறெதற்காவது பயன்படுத்த முடியுமா?

பதில்: வண்ணக்கலவை

தாராளமாக முடியும். அந்தக் கவுனுக்கேகூட, மேலே பட்டன் போடாத நீளமான ஜாக்கெட் ஒன்றை அணிந்தால் அது பொருந்தும். ஜாக்கெட்டின் இரு ஓரங்களும் பெல்ட்டின் பக்கங்களை மறைத்துவிடுவதால் நடுவில் ஒரு சிறு பகுதி மட்டுமே தெரியும். மேலிருந்து கீழாக ஓடும் அந்த இரண்டு ஓரக்கோடுகள் குறுக்குக் கோட்டின் அழுத்தத்தைக் குறைத்துவிடும்.

இன்னொரு வழி, பழுப்பு நிற மேலாடையோடு அணிவது. பெல்ட்டின் நிறம் மேலாடையோடு சேர்ந்தால் மேலுடல் நீளும். கீழாடையோடு சேர்ந்தால் கால் நீளும். உங்களுக்குக் கால் ஏற்கெனவே நீளம் என்பதால் மேலாடையோடு சேர்ப்பதே சரி. மேலாடையை ஸ்கர்ட்டுக்குள் செருகாமல் வெளியே விட்டு, அதன்மேல் பெல்ட்டை இடுப்பெலும்பின் மீது தாழ்வாக அணியுங்கள். அகலமான நேர்ப்பட்டை அந்த இடத்தில் மேல்விளிம்பு விலகி நிற்கக்கூடும். உடல் அங்கே கீழ்நோக்கி அகன்று செல்வதே காரணம். அப்படி விலகினால் அந்த பெல்ட்டை ஜாக்கெட்டோடு மட்டும் வைத்துக்கொண்டு, தாழ்வாக அணிவதற்கு வளைவாக வெட்டப்பட்ட பெல்ட்டைத் தேடுங்கள்.