வீட்டுக் கொட்டிலில் லான்ட் ரோவருக்கு ஸ்பிறே அடிப்பது: சரியா, வீண் துணிச்சலா?

அக்கராயன்வாசி எழுதியது:

வணக்கம். எங்கள் வளவில் நிற்பது 1960களில் செய்யப்பட்ட லான்ட் ரோவர் சீரிஸ் 2ஏ, 88 அங்குலக் குட்டை வண்டி. ஒரு திணைக்களம் ஏலத்தில் விட்டபோது அப்பப்பா எடுத்தது. போரால் பெற்றோல் வன்னிக்குள் வரத் தடை இருந்த தொண்ணூறுகளில் மண்ணெண்ணெயில் ஓட்டப்பட்ட வண்டிகளில் இதுவும் ஒன்று என்பதால், எஞ்சின் அறையின் தகடுகளில் கரியும் எண்ணெயும் ஊறிப்போயிருக்கின்றன. எஞ்சின் வேலை முடிந்துவிட்டது. இனி நிறம்தான் மிச்சம்.

என்னிடம் தகரக் கூரை போட்ட ஒரு கொட்டில், 2 குதிரைவலுக் கொம்பிரசர், சாதாரண ஸ்பிறே கன் ஆகியவை உள்ளன. பட்டறைகளில் சொல்லும் கூலி எனக்குக் கட்டுப்படியாகாது. நானே அடிக்கலாமா? அடிப்பதானால் கடினமாக்கி கலந்து அடிக்கும் 2கே பெயின்றா, தானாகக் காயும் சாதாரண எனாமலா?

வவுனியாப் பட்டறை எழுதியது:

தம்பி, தொழில்முறையில் பெயின்ற் அடிப்பவன் என்ற வகையில் சொல்கிறேன்: வீட்டில் அடிக்காதீர்கள். முதலாவது தடை உங்கள் கொம்பிரசர். நல்ல எச்.வி.எல்.பி. கன் (குறைந்த அழுத்தத்தில் அதிகக் காற்றைத் தள்ளும் ஸ்பிறே கன்) ஒன்றுக்கு நிமிடத்துக்கு 10 கன அடிக்கு மேல் காற்று வேண்டும். 2 குதிரைவலு இயந்திரம் 6, 7 கன அடி தந்தாலே பெரிது. பொனற்றின் பாதிக்கு வரும்போது அழுத்தம் இறங்கி, பெயின்ற் தூளாகப் பிரியாமல் துளிதுளியாக விழுந்து, மேற்பரப்பு தோடம்பழத் தோலாகிவிடும். இடைவிடாமல் ஓடிச் சூடேறிய கொம்பிரசர் நீராவியையும் சேர்த்துத் தள்ளும். அந்த நீர் குழாய்க்குள் குளிர்ந்து, கடைசியில் உங்கள் தகட்டில்தான் வந்து விழும்.

இரண்டாவது, எங்கள் வெயில். நாள் முழுவதும் வெளியில் நிற்கும் வண்டியில் சாதாரண எனாமல் இரண்டொரு வருடங்களில் மினுக்கம் இழந்து, கையால் தடவினால் மாவாக ஒட்டும். டீசல் சிந்தினாலும் கறை பிடிக்கும். இவற்றைத் தாங்குவது 2கே மட்டுமே. அதை அடைப்புள்ள அறையில், காற்று இழுக்கும் விசிறியோடு அடிக்க வேண்டும். கூலி அதிகம் என்றால் தயாரிப்பு வேலையை நீங்களே செய்துவிட்டு, கடைசி நிறத்தை மட்டும் பட்டறைக்குக் கொடுங்கள்.

பனங்கூடல் எழுதியது:

அண்ணை சொல்வது இன்றைய கார்களுக்கு முழுக்கப் பொருந்தும். இந்த வண்டிக்குப் பாதிதான் பொருந்தும்.

இரண்டாம் உலகப் போர் முடிந்த காலத்தில் இங்கிலாந்தில் உருக்குக்குப் பங்கீடு இருந்ததால்தான், 1948இல் அம்ஸ்ரடாம் கண்காட்சியில் வெளிவந்த முதல் லான்ட் ரோவரின் உடல் பேர்மாபிரைற் என்ற அலுமினிய–மக்னீசியக் கலவையில் செய்யப்பட்டது. விமானங்களுக்கென வாங்கி எஞ்சிய பச்சைப் பெயின்றைத்தான் ஆரம்ப வண்டிகளுக்கு அடித்தார்கள் என்றும் சொல்வர். கண்ணாடி மாதிரி மினுங்கும் மேற்பரப்பு அதன் பிறவிக் குணமே அல்ல. உங்கள் 2ஏயும் அதே முறையில் செய்யப்பட்டதுதான்: மட்காட், பொனற், கதவுகள், பின்பெட்டி எல்லாமே நட்டும் போல்ற்றும் கொண்டு கட்டியவை. ஸ்பானர் பிடிக்கத் தெரிந்தவர் ஒரு பகலில் தனித்தனியாகக் கழற்றிவிடலாம்.

இங்கேதான் கொம்பிரசர் பற்றிய வாதம் பலம் இழக்கிறது. முழு வண்டியையும் ஒரே மூச்சில் அடிப்பதற்குத்தான் 10 கன அடி வேண்டும். ஒரு கதவை மரக்குதிரையில் போட்டு அடித்து, தொட்டி மறுபடி நிரம்பும்வரை பொறுத்து, அடுத்த கதவை எடுப்பவருக்குச் சிறிய கன்னும் சிறிய கொம்பிரசரும் போதும். மெற்றலிக் நிறமென்றால் துண்டு துண்டாக அடித்தால் ஒளி விழும் விதத்தில் வேறுபாடு தெரியும். தனி நிறத்தில் அந்தப் பிரச்சினை இல்லை. வாங்கிய தகரங்கள் எல்லாவற்றையும் முதலில் ஒரு பெரிய பாத்திரத்தில் ஒன்றாகக் கலந்துகொண்டால், கதவும் மட்காட்டும் நிறத்தில் விலகி நிற்கா.

கழற்றி அடிப்பதில் இன்னொரு நன்மையும் உண்டு. அலுமினியம் இரும்போடு தொடும் இடங்களில், முக்கியமாகக் கண்ணாடிக்குக் கீழுள்ள இரும்பு முன்தடுப்போடு மட்காட் சேரும் விளிம்பில், ஈரம் புகுந்து வெள்ளைத் தூளாக அரித்திருக்கும். பட்டறையில் வண்டியைப் பூட்டியபடியே அடித்தால் அந்த மறைவிடத்துக்குப் பெயின்ற் போகவே போகாது. கழற்றினால் இரு முகங்களுக்கும் அடித்து, இடையில் றப்பர் நாடா வைத்துப் பூட்டலாம்.

வவுனியாப் பட்டறை எழுதியது:

கழற்றி அடிப்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் பனங்கூடலார் எளிதாகத் தாண்டிச் செல்லும் இடம் தயாரிப்பு வேலை. பெயின்ற் உரிவது அங்கேதான் தொடங்குகிறது.

இந்த வண்டியில் மூன்று விதமான உலோகம் இருக்கிறது. உடல் அலுமினியம், முன்தடுப்பும் சசியும் இரும்பு, பின்பெட்டியின் மேல்விளிம்புத் தகடுகள் துத்தநாகம் பூசிய இரும்பு. எனாமலைத் துத்தநாகத்தின்மேல் நேரே அடித்தால், அதிலுள்ள எண்ணெய்ப் பொருள் துத்தநாகத்தோடு தாக்கமுற்றுச் சவர்க்காரம்போல மாறி, ஓரிரு மாரிகளுக்குள் தோலாக உரிந்து வரும். அலுமினியத்துக்கு அமிலம் கலந்த எட்ச் பிறைமர் என்ற அடிப்பூச்சு வேண்டும், அல்லது எப்பொக்சி அடிப்பூச்சு வேண்டும். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடிப்பதைப் பல உற்பத்தியாளர்கள் அனுமதிப்பதில்லை. எட்ச் பிறைமரின் மேல் புட்டி பூசினாலும் பிடிமானம் கெடும். அலுமினியத்தை இரும்புத் தூரிகையால் தேய்ப்பவர்களும் இருக்கிறார்கள். அதில் ஒட்டிக்கொள்ளும் இரும்புத் துணுக்குகளைச் சுற்றியே பின்னர் அரிப்புத் தொடங்கும்.

இன்னொன்று: எங்கள் ஊரில் தகட்டைத் துடைக்க மண்ணெண்ணெயை எடுக்கும் பழக்கம். அது காய்ந்தது போலத் தோன்றும், ஆனால் மெல்லிய எண்ணெய்ப் படலம் மிஞ்சும். பெயின்ற் விழுந்ததும் மீன் கண் போல வட்ட வட்டமாக விலகி நிற்கும். தம்பியின் வண்டியோ மண்ணெண்ணெயிலேயே வாழ்ந்த வண்டி.

பனங்கூடல் எழுதியது:

இவை அனைத்தும் சரி. ஆனால் இவை பட்டறைக்குப் போவதற்கான காரணங்கள் அல்ல, பொறுமையாகச் செய்வதற்கான காரணங்கள். கூலிக்குச் செய்பவருக்கு அடுத்த வண்டி வாசலில் நிற்கும். சொந்தக்காரனுக்கு அந்த அவசரம் இல்லை. சவர்க்காரத் தூள் கரைத்த சுடுநீரால் கழுவி, கிறீஸ் நீக்கியைச் சுத்தமான துணியில் நனைத்துத் துடைத்து, அது உலரும் முன்பே இன்னொரு துணியால் ஒற்றி எடுத்தால் எஞ்சின் அறை வழிக்கு வரும்.

அதற்கும் முன் பழைய படைகள் என்னவென்று அறிய வேண்டும். மறைவான ஓரிடத்தில் என்.சி. (நைட்ரோசெலுலோஸ்) தின்னர் நனைத்த துணியைச் சிறிது நேரம் வைத்துப் பாருங்கள். கரைந்து துணியில் நிறம் ஏறினால் பழையது என்.சி. லக்கர், சுருங்கிச் சுருள் சுருளாக எழும்பினால் எனாமல், அசையாமல் இருந்தால் தொழிற்சாலையில் சுட்ட பெயின்ற் அல்லது 2கே. சுருங்கும் பெயின்றின் மேல் லக்கரோ 2கேயோ போடவே கூடாது. அந்தக் காலப் பெயின்றில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால், தூள் பறக்காமல் வோட்டர் பேப்பரால் நீர் விட்டே தேய்க்க வேண்டும். கழுவிய நீரைக் கிணற்றடியில் ஊற்றவும் கூடாது.

முள்ளியவளைத் தாதி எழுதியது:

நான் பெயின்ற் அடிப்பவள் அல்ல. மூச்சுத்திணறலோடு வருபவர்களைப் பார்த்துவந்த ஓய்வுபெற்ற தாதி. இவ்வளவு நேரமும் நீங்கள் இருவரும் தகட்டின் நலத்தைப் பற்றி மட்டுமே பேசுவதால் எழுதுகிறேன்.

2கே பெயின்றின் கடினமாக்கியில் ஐசோசயனேற் என்ற இரசாயனம் இருக்கிறது. ஸ்பிறே அடிக்கும்போது அது நுண்துளிகளாக நுரையீரலுக்குள் போகும். தொழில்வழி வரும் ஆஸ்துமாவுக்கு முதன்மைக் காரணங்களில் அதுவும் ஒன்று. ஒருவரது உடல் ஒருமுறை அதற்கு ஒவ்வாமை கொண்டுவிட்டால், பின்னர் மிகச் சிறிய அளவே அவரைத் திணறவைக்கப் போதுமானது. தீங்கு தரும் அளவிலும் அதன் வாடை தெரியாது. தின்னரின் வாடை போய்விட்டது என்பதற்காகக் காற்று தூய்மையாகிவிட்டது என்று எண்ண முடியாது. கரி வடிகட்டி போட்ட முகமூடி இதற்குப் போதாது. வெளியிலிருந்து தூய காற்றைக் குழாய் வழியே தரும் முகக்கவசம் வேண்டும். எண்ணெய் விட்டு ஓடும் கொம்பிரசரின் காற்றை உரிய வடிகட்டிகள் இல்லாமல் அதற்குக் கொடுப்பதும் ஆபத்து. அடித்து முடித்த பிறகும், கண்ணுக்குத் தெரியாத நுண்துளி மூட்டம் அந்த அறையில் நிற்கும். தம்பியின் கொட்டில் வீட்டோடு சேர்ந்திருந்தால் பிள்ளைகள் படுக்கும் அறை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது?

கனகராயன்குளத்தான் எழுதியது:

அக்கா, மூக்கில் லேஞ்சியைக் கட்டிக்கொண்டு காலமெல்லாம் 2கே அடித்தவர்களை எனக்குத் தெரியும். அவர்கள் இன்றும் நன்றாகத்தான் இருக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் பயந்தால் வன்னியில் ஒரு வேலையும் நடக்காது.

முள்ளியவளைத் தாதி எழுதியது:

நன்றாக இருப்பவர்கள் பட்டறையில் நிற்கிறார்கள், அதனால் உங்கள் கண்ணில் படுகிறார்கள். மூச்சு முட்டியவர் தொழிலை விட்டு வேறு வேலைக்குப் போயிருப்பார். அவரைப் பட்டறையில் காண முடியாது. லேஞ்சி தூசியையே சரியாக மறிக்காது.

வவுனியாப் பட்டறை எழுதியது:

அக்கா சொல்வதை நானும் ஏற்கிறேன். வீட்டில் வேண்டாம் என்று நான் சொன்னதற்கு இதைவிடப் பெரிய காரணம் தேவையில்லை. சில கடைகளில் எனாமலோடும் ஒரு சிறிய போத்தல் கடினமாக்கி கொடுப்பார்கள், சீக்கிரம் காயும் என்று. அதன் லேபிளைப் படியுங்கள். அதுவும் ஐசோசயனேற் என்றால் நீங்கள் 2கே அடிப்பதாகவே எண்ண வேண்டும்.

பனங்கூடல் எழுதியது:

ஆகவே, கடினமாக்கி சேராத எனாமல். மினுக்கம் குறைந்தால் சில வருடங்களுக்குப் பின் தேய்த்துவிட்டு மறுபடி அடிக்கலாம். வேலை தெரிந்த சொந்தக்காரனுக்கு அது இழப்பல்ல. அதற்காக முகமூடியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கரி வடிகட்டி முகமூடி எனாமலுக்கும் தேவை. கொம்பிரசரைக் கொட்டிலுக்கு வெளியே வையுங்கள். தின்னர் ஆவி தீப்பற்ற மோட்டரின் ஒரு பொறி போதும். கிடுகு வேய்ந்த கொட்டிலென்றால் இந்தப் பேச்சையே எடுத்திருக்க மாட்டேன். குழாயை நேரே கன்னுக்குக் கொடுக்காமல், சில மீற்றர் இரும்புக் குழாய் வழியே ஓடவிட்டுக் குளிரவைத்து, அதன் முடிவில் நீர் வடிகட்டியைப் பூட்டுங்கள்.

இனிக் காலநிலை, எனாமல் மெதுவாகக் காய்வதால் இதுதான் தலையாய விடயம். வைகாசியிலிருந்து புரட்டாதி வரை சோளகம் கிரவல் வீதியின் செந்தூளை அள்ளிக்கொண்டு வரும். அந்த மாதங்களில் ஈரப் பெயின்றை வெளிக்காட்டவே கூடாது. ஐப்பசி முதல் மார்கழி வரை மழை. தை, மாசியில் காலைப் பனி தகட்டில் வியர்வையாக நிற்கும், அதோடு காலபோக அறுவடை தொடங்கிவிட்டால் வெட்டு இயந்திரங்கள் கிளப்பும் வைக்கோல் தூசி கிலோமீற்றர் கணக்கில் பறக்கும். எனக்குத் தெரிந்தவரை, அறுவடை ஓய்ந்த பங்குனிக் கடைசியும் சித்திரையும்தான் நம்பக்கூடிய நாட்கள், சித்திரையில் பின்னேர இடிமழை வந்தாலும்கூட. பனி உலர்ந்த பிறகு தொடங்கி, தகரக் கூரை சூடேறுவதற்குள் நிறுத்த வேண்டும். தகடு தொட முடியாதபடி சுட்டால் பெயின்ற் பறக்கும்போதே பாதி காய்ந்து, சொரசொரப்பாக உட்காரும். அந்த வெப்பத்துக்கு மெதுவாக ஆவியாகும் தின்னரைக் கேட்டு வாங்குங்கள். தரையில் நீர் தெளித்து, சுற்றிலும் பொலித்தீன் கட்டினால் தூசி அடங்கும். இரவில் விளக்குப் போட்டு அடிக்க வேண்டாம், வயல் பூச்சியெல்லாம் உங்கள் பொனற்றில்தான் படுக்கும்.

அக்கராயன்வாசி எழுதியது:

அனைவருக்கும் நன்றி. என் பிள்ளைகளின் அறைக்கும் கொட்டிலுக்கும் இடையில் ஒரு சுவர்தான். ஆகவே 2கே இல்லை, அது முடிந்தது. கொட்டிலையும் வளவின் பின்புறத்துக்கு மாற்றலாம் என்று நினைக்கிறேன். பதிவுப் புத்தகத்தில் நிறம் பச்சை என்றே இருக்கிறது. பழைய கரும்பச்சையையே அடிப்பதா, வேறு நிறமா என்பதில் வீட்டில் ஒத்த கருத்து இல்லை.

கனகராயன்குளத்தான் எழுதியது:

கரும்பச்சை மூடிய லான்ட் ரோவர் ஒழுங்கைக்குள் திரும்பினால் என் அம்மா இன்றும் போர்க்கால அச்சத்தில் அடுப்படியை விட்டு வாசலுக்கு வந்து யார் என்று பார்ப்பார். உங்கள் அயலிலும் அப்படியானவர்கள் இருப்பார்கள். அசல் நிறம் என்ற பெருமையை விட அது எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. பழைய வண்டிகளின் கூரைக்கும் சில்லுக்கும் அடித்த வெளிர்மஞ்சள் கலந்த வெள்ளையை உடல் முழுவதுக்கும் அடித்தால் வெயிலில் சூடும் குறையும். நிறம் மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் அறிவித்துப் புத்தகத்தையும் திருத்த வேண்டும்.

வவுனியாப் பட்டறை எழுதியது:

எனாமலைப் பற்றிய என் கருத்து மாறவில்லை. இரண்டு சோளகம் கழித்துப் படம் எடுத்துப் போடுங்கள், அப்போது பேசுவோம். ஆனால் செய்வதென்று தீர்மானித்துவிட்டால் இதையாவது கேளுங்கள். பின்பெட்டியின் உட்புறத்துக்கும் இருக்கைக்குக் கீழும் ஸ்பிறே வீண். சிறிய ஸ்பொஞ் உருளையால் மெல்லியதாக உருட்டி, உடனே நல்ல தூரிகையால் ஒரே திசையில் இழுத்துவிட்டால் போதும், பெயின்ற் மூட்டமும் எழும்பாது. வெளிப் பகுதிகளில் முதலில் பொனற்றின் அடிப்பக்கத்தில் கை பழகுங்கள். தகட்டிலிருந்து ஒரு சாண் அளவு தூரம், ஒவ்வொரு இழுவையும் முந்தியதில் பாதியை மூட வேண்டும், கன்னை விசிறிபோல வளைக்காமல் தகட்டுக்கு நேராகவே நகர்த்த வேண்டும்.

முன்தடுப்பை மட்டும் கழற்றி என்னிடம் கொண்டுவாருங்கள். இரும்பு என்பதால் மணலடித்துத் துருவைக் களைந்து, அன்றே எப்பொக்சி அடித்துத் தருகிறேன். அதற்குக் கூலி பெரிதாக வராது. மட்காட்டையும் கதவுத் தகட்டையும் யாரிடமும் மணலடிக்கக் கொடுத்துவிடாதீர்கள், அலுமினியம் நெளிந்து போனால் பிறகு எந்தப் புட்டியாலும் நேராக்க முடியாது.