வீகன் கிரீம், லிப் பாம்: லேபிளில் எதைப் பார்த்து வாங்குவது?

அகத்திப்பூ (கேள்வி):
முகத்துக்குப் போடும் பொருட்களை ஒவ்வொன்றாக வீகனுக்கு, அதாவது விலங்கிலிருந்து வரும் எதுவும் சேராதவைக்கு, மாற்றி வருகிறேன். கடையில் ஒரு டப்பாவில் பச்சைப் புள்ளி இருக்கிறது, இன்னொன்றில் முயல் படம், வேறொன்றில் ‘முழுக்க இயற்கை’ என்ற வாசகம். இவற்றில் எதை நம்பலாம்? பின்பக்கப் பட்டியலில் எந்தப் பெயர்களைத் தேட வேண்டும்? எனக்கு வறண்ட சருமம், சட்டென்று சிவந்துவிடும்.

நொச்சி:
நீங்கள் சொன்ன மூன்றில் எதுவுமே போதாது. பச்சைப் புள்ளி சைவத்துக்கானது. சைவக் கணக்கில் பாலும் தேனும் விலக்கல்ல. முயல் படம் விலங்குகள் மேல் சோதிக்கவில்லை என்பதற்கு. லீப்பிங் பன்னி முத்திரை வாங்கிய கிரீமிலும் தேன்மெழுகு இருக்கலாம். இந்தியாவில் அழகுசாதனப் பொருட்களை விலங்குகள் மேல் சோதிப்பது 2014லேயே தடை செய்யப்பட்டுவிட்டது. ஆகவே இங்கே தயாரான பொருளில் அந்த முயல் படம் கூடுதலாக எதையும் சொல்வதில்லை. ‘இயற்கை’ என்பதைக் கணக்கிலேயே எடுக்காதீர்கள், ஆட்டு ரோமக் கொழுப்பும் இயற்கைதான்.

நம்பக்கூடியது வீகன் சொசைட்டியின் சூரியகாந்தி முத்திரை. விலங்குரிமை அமைப்பான பீட்டாவின் முத்திரையில் இரண்டு வகை உண்டு. ‘வீகன்’ என்ற சொல்லும் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

முத்திரை இல்லையென்றால் பட்டியலை வாசிக்க வேண்டியதுதான். செரா ஆல்பா, பீஸ்வாக்ஸ் இரண்டும் தேன்மெழுகு. மெல் என்றால் தேன், லாக் என்றால் பால். லானோலின் ஆட்டு ரோமத்திலிருந்து வருவது, உதட்டுப் பூச்சிலும் பாதவெடிப்புக் களிம்பிலும் அதிகம் பார்க்கலாம். கார்மைன் அல்லது சிஐ 75470 (சிஐ என்பது நிறமிகளுக்கான எண்) என்பது கொச்சினீல் பூச்சியை நசுக்கி எடுக்கும் சிவப்பு. சிஐ 75170 மீன் செதிலின் மினுமினுப்பு. ஷெல்லாக் அரக்குப் பூச்சியின் சுரப்பு. சோடியம் டாலோவேட் மாட்டுக் கொழுப்புச் சோப்பு. விலங்குப் புரதங்களான கொலாஜன், கெராட்டின், அல்லது நத்தைச் சாறு என்று இருந்தால் டப்பாவைத் திரும்ப வைத்துவிடலாம். செடியிலிருந்து எடுத்தது என்று போட்டிருக்கும் ‘கொலாஜன்’ பெரும்பாலும் வேறு புரதம்தான்.

பெயரைப் பார்த்து வீணாகப் பயப்பட வேண்டாதவையும் உண்டு. லாக்டிக் ஆசிட் இன்று பெரும்பாலும் சர்க்கரையைப் புளிக்கவைத்துத் தயாராகிறது. கோகோ பட்டர், ஷியா பட்டர் இரண்டும் கொட்டையின் கொழுப்பு.

ஆவாரை:
நொச்சி சொன்னவை பெயரிலேயே தெரிபவை. சிக்கல் கொடுப்பவை இரட்டைப் பிறவிகள். கிளிசரின், ஸ்டியரிக் ஆசிட், கிளிசரில் ஸ்டியரேட் எல்லாம் பனை எண்ணெயிலிருந்தும் வரும், மாட்டுக் கொழுப்பிலிருந்தும் வரும். ஸ்குவாலேன் ஆலிவ், கரும்பிலிருந்தும் கிடைக்கும், சுறா ஈரலிலிருந்தும் கிடைக்கும். மூலக்கூறு ஒன்றே என்பதால் லேபிளில் ஒரே பெயர்தான். மூலம் எது என்று கம்பெனிக்கு எழுதிக் கேட்பது ஒன்றே வழி. “உங்கள் பொருள் வீகனா?” என்று கேட்டால் விளம்பர வாசகம்தான் திரும்பி வரும். “இதில் உள்ள கிளிசரின், ஸ்டியரிக் ஆசிட், ஸ்குவாலேன் ஒவ்வொன்றும் எந்த மூலத்திலிருந்து?” என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். பதில் மழுப்பலாக இருந்தால் வாங்காதீர்கள்.

சருமம் சிவக்கும் என்றீர்களே, அதற்கு வீகன் முத்திரை எந்த உறுதியும் தராது. சொல்லப்போனால் வீகன் கிரீம்கள் பலவற்றில் வாசனைத் தைலம் தாராளமாக இருக்கிறது. அந்தத் தைலங்களில் உள்ள வாசனைப் பொருட்களான லிமோனீன், லினலூல் என்று இருந்தால் தள்ளிவிடுங்கள். காற்றுப்பட்டு ஆக்சிஜனேறிய பிறகு இவை ஒவ்வாமையைக் கிளப்பும். எலுமிச்சை, பெர்கமாட் தைலம் பூசி வெயிலில் போனால் கருந்திட்டு விழலாம். உங்களுக்கு வேண்டியது வாசனையே இல்லாத, கிளிசரின், செராமைடு (சருமத்தின் ஈரத்தைக் காக்கும் கொழுப்பு), ஸ்குவாலேன் உள்ள கிரீம். குளித்துத் துடைத்த ஈரம் முழுதும் காயும் முன் பூசுங்கள்.

‘பிரிசர்வேட்டிவ் (கெடாமல் காக்கும் பொருள்) இல்லை’ என்பதை நல்ல குணமாக எண்ண வேண்டாம். தண்ணீர் கலந்த கிரீமில் அது இல்லையென்றால் பாக்டீரியாவும் பூஞ்சையும் வளரும். ஃபீனாக்ஸிஎத்தனால் என்ற பிரிசர்வேட்டிவ் ஆய்வகத்தில் உருவாவது, வீகன்தான், 1 சதவீதம் வரை சேர்ப்பார்கள்.

புதிய கிரீம் எதையும் முன்கையின் உட்புறத்தில் ஒரு ரூபாய் நாணய அளவு இடத்தில், தினம் இருமுறை, ஏழு நாள் பூசிப் பார்த்த பிறகே முகத்துக்குக் கொண்டுபோங்கள். ஒவ்வாமை பல நேரம் நாலைந்து நாள் கழித்துத்தான் தலைகாட்டும்.

அகத்திப்பூ:
மிக்க நன்றி. லிப் பாம் எதை எடுத்தாலும் செரா ஆல்பா இருக்கிறது. வீட்டில் செய்ய முடியுமா?

நொச்சி:
தாராளமாக. தேன்மெழுகுக்குப் பதில் கேண்டிலில்லா மெழுகு, அது மெக்சிகோவின் பாலைவனச் செடி ஒன்றின் மெழுகு. தேன்மெழுகைவிடக் கெட்டி என்பதால் அதே அளவு போட்டால் உதட்டில் இழுபடும். பாதி அளவில் தொடங்குங்கள். 30 கிராமுக்கு கேண்டிலில்லா 4, ஷியா பட்டர் 8, பாதாம் எண்ணெய் 18 கிராம். டிஜிட்டல் தராசில் நிறுங்கள், கரண்டிக் கணக்கு வேண்டாம்.

கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் சிறு கிண்ணத்தை வைத்து மெழுகையும் எண்ணெயையும் முதலில் உருக்குங்கள். கேண்டிலில்லா உருக 70 டிகிரிக்குப் பக்கம் சூடு வேண்டும். இறக்கியபின் ஷியா. ஒரு சொட்டைக் குளிர்ந்த தட்டில் விட்டு, இறுகியதும் தேய்த்துப் பாருங்கள். கெட்டியானால் எண்ணெய் ஒரு கிராம், இளகினால் மெழுகு அரை கிராம் சேருங்கள். டப்பாவில் ஊற்றியதும் ஃப்ரிட்ஜில் வையுங்கள், மெல்ல ஆறினால் ஷியா மணல்மணலாகத் திரிந்துவிடும். அப்படித் திரிந்தாலும் வீணில்லை, மறுபடி முழுக்க உருக்கிச் சட்டென்று குளிர வைத்தால் சரியாகும். ஈரக் கையால் மட்டும் தொட வேண்டாம், இதில் பிரிசர்வேட்டிவ் கிடையாது.