காகிதப்பூ சாறு: கொதிக்க வைத்ததும் நிறம் போய்விடுகிறது, ஏன்?

தாவரவியல்_முதுகலை:
செம்பருத்தி, காகிதப்பூ இரண்டிலும் ஆந்தோசயனின் (பூக்களுக்குச் சிவப்பு, ஊதா, நீலம் தர்ற நிறமி) பிரிக்கணும். 2 கிராம் இதழுக்கு, 1% ஹைட்ரோகுளோரிக் அமிலம் கலந்த மெத்தனால் 20 மி.லி., ஃப்ரிட்ஜில் ஒரு ராத்திரி. வடிகட்டி, சம அளவு 2 நார்மல் அமிலம் சேர்த்து, கொதிநீரில் 30 நிமிஷம். செம்பருத்தி சிவப்பாவே நிக்குது. காகிதப்பூ வெளிறிப் போகுது, குரோமட்டோகிராஃபி தாளில் (நிறமிகளைப் பிரிச்சுக் காட்டுற தாள்) புள்ளியே விழல. கொதிக்க வைக்கிறதுக்கு முன்னாடி ஸ்பெக்ட்ரோமீட்டரில் இரண்டோட உறிஞ்சல் உச்சமும் 530–540 நானோமீட்டர்தான் காட்டுச்சு. அமிலம் கூடிப்போச்சா?

நிறமிப்பித்தன்:
அமிலத்து மேல தப்பில்லை. காகிதப்பூவில் ஆந்தோசயனினே கிடையாது. இருப்பது பீட்டாசயனின், பீட்ரூட் சிவப்போட வகையறா. சூடான அமிலத்தில் சிதைஞ்சிடும். வாடாமல்லி, கோழிக்கொண்டைக்கும் இதே கதைதான். (நிறம் இருப்பது அல்லி இதழில் இல்ல, பூவடிச்செதிலில், அதாவது பூவைச் சுத்தி இருக்கிற வண்ண இலையில். ரெக்கார்டில் சரியா எழுதுங்க.)

இரண்டும் உறிஞ்சுற அலைநீளம் கிட்டத்தட்ட ஒண்ணு. அதை மட்டும் வெச்சு முடிவு கட்டாதீங்க. முதல்ல தண்ணியில் எடுத்த சாற்றை இரண்டு சோதனைக் குழாயில் ஊத்துங்க. ஒண்ணில் 2 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு சொட்டுச் சொட்டா விடுங்க: ஆந்தோசயனின்னா நீலப்பச்சை, பீட்டாசயனின்னா மஞ்சள். இன்னொண்ணில் 2 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டு கொதிநீரில் 5 நிமிஷம்: நிறம் நின்னா ஆந்தோசயனின், போனா பீட்டாசயனின். ஒரே செடியில் இரண்டும் சேர்ந்து இருக்காது. அதனால ஒண்ணு உறுதியானா மத்ததைத் தேடவே வேண்டாம்.

காகிதப்பூவை இனிமே அமிலம் இல்லாம, குளிர்ந்த 50% மெத்தனாலில் எடுங்க. கொஞ்சம் அஸ்கார்பிக் அமிலம் போட்டா ஆக்சிஜனேற்றம் மட்டுப்படும். வெளிச்சம் படாம வெச்சு, அன்னிக்கே அளந்திடுங்க.

குரோமட்டோ_அக்கா:
செம்பருத்திக்கு மிச்சம் நான் சொல்றேன். கொதிச்சது ஆறினதும் 1 மி.லி. அமைல் ஆல்கஹால் விட்டுக் குலுக்குங்க, நிறம் மேல் அடுக்குக்கு ஏறிடும். அதைத் தாளில் வெச்சு, அசிட்டிக் அமிலம், அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம், தண்ணீர் 30:3:10 கலவையில் ஓட்டுங்க. கொதிக்கும்போது ஆந்தோசயனினிலிருந்து சர்க்கரை கழண்டு மிஞ்சுற நிறமிகளோட நகர்வு விகிதம் (கரைப்பான் ஏறின தூரத்தில் புள்ளி ஏறின பங்கு): சயனிடின் 0.49, டெல்ஃபினிடின் 0.32, பெலார்கோனிடின் 0.68. உங்களுக்கு சயனிடின் வரணும். பியோனிடின் 0.63-ல் வரும், அது பெலார்கோனிடின் பக்கத்திலேயே நிக்கும், பார்த்துக்கோங்க.

சயனிடினை உறுதிப்படுத்த 5% அலுமினியம் குளோரைடு சேர்த்தா உறிஞ்சல் உச்சம் நீண்ட அலைநீளத்துக்கு நகரும். பலர் கோட்டைவிடுறது இங்கதான்: 1% அமிலத்திலேயே சோதிச்சா அலுமினியப் பிணைப்பு நிக்காது, நகர்வே தெரியாது. 0.01% அமிலம் கலந்த மெத்தனாலில் கரைச்சு அளங்க.

செம்பருத்தி இதழைத் தண்ணியில் அரைக்காதீங்க, கொழகொழன்னு வடிதாள் அடைச்சுக்கும்.