“கூட்டலா, கழித்தலா?” வாழ்க்கைக் கணக்கு சொல்லிக்கொடுத்த அனுபவங்களைப் பகிருங்கள்

மழைத்துளி
மகன் மூன்றாம் வகுப்பு. முந்தாநாள் நடந்தது இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. “அக்காவிடம் 48 ஸ்டிக்கர்கள் உள்ளன. இது தம்பியிடம் இருப்பதைவிட 12 அதிகம். தம்பியிடம் எத்தனை?” 60 என்று எழுதியிருந்தான். திரும்பப் படிக்கச் சொன்னேன். படித்தான், மறுபடியும் 60. “அக்காகிட்டதானே நிறைய இருக்கு, தம்பிக்கு எப்படிடா 60 வரும்?” என்று குரலை உயர்த்திவிட்டேன். அவன் நிமிர்ந்து பார்த்து, “அதிகம்னு வந்தா கூட்டணும்னு நீங்கதானே சொன்னீங்க அம்மா” என்றான்.

நான் சொன்னதுதான். “மொத்தம், அதிகம் வந்தால் கூட்டு, மீதி, குறைவு வந்தால் கழி” என்று போன வருடம் அட்டையில் எழுதி அவன் மேசைக்கு மேலே ஒட்டியதும் நான்தான். அந்த அட்டையைப் பார்த்துக்கொண்டேதான் 60 என்று எழுதியிருக்கிறான். உங்கள் வீட்டிலும் இப்படி நடந்திருந்தால் எழுதுங்கள்.

பின்பனி
எனக்கும் ஒன்று உண்டு. மகள் ஐந்தாம் வகுப்பு. மணிகளில் மூன்றில் ஒரு பங்கைத் தோழிக்குக் கொடுத்தாள், மீதியில் நான்கில் ஒரு பங்கு தொலைந்தது, இப்போது 18 இருக்கிறது, முதலில் எத்தனை? இந்த மாதிரிக் கணக்கு எல்லோருக்கும் தெரிந்ததுதான். நான் எக்ஸ் போட்டு ஏழு வரியில் முடித்தேன். அவள் தலையாட்டிக்கொண்டே இருந்தாள். “புரிஞ்சுதா?” என்றால், “ம்”. அடுத்த கணக்கைக் கொடுத்தால் பென்சில் நகரவே இல்லை.

மறுநாள் ஒரு நீளக் காகிதத் துண்டை அவள் கையில் கொடுத்து, “இதுதான் எல்லா மணியும், கணக்குல சொன்னபடி செய்” என்று மட்டும் சொன்னேன். மூன்றாக மடித்து ஒன்றைக் கிழித்தாள். கையில் இருந்ததை நான்காக மடித்து அதிலும் ஒன்றைக் கிழித்தாள். மூன்று சின்னத் துண்டுகள் மிஞ்சின. “மூணு சேர்ந்து 18. ஒண்ணு 6.” முதலில் கிழித்ததை எடுத்து அந்தச் சின்னத் துண்டுகளோடு வைத்து அளந்தாள். “இதுக்குள்ள ரெண்டு இருக்கு. அப்ப மொத்தம் ஆறு துண்டு. 36!” அப்புறம் சொன்னாள்: “நேத்து நான் முழுசுல கால் பங்குன்னு நினைச்சிட்டேன்பா. இது மிச்சத்துல கால்.” முந்தைய நாள் ஏழு வரி எழுதியும் அவள் எங்கே சிக்கியிருக்கிறாள் என்று எனக்குத் தெரியாமலே போயிருக்கிறது.

நேர்கோடு
பின்பனி, குற்றத்தை எக்ஸ் மேல் போடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. சிவப்பு மணிகளும் நீல மணிகளும் 2:5 விகிதத்தில் உள்ளன. சிவப்பில் 10 சேர்த்து நீலத்தில் 3 எடுத்தால் 3:4 ஆகிறது. முதலில் எத்தனை? ஆறாம் வகுப்பில் இருக்கும் என் மகன் இதற்கு உங்கள் காகிதத் துண்டு மாதிரிப் பட்டை வரைந்து, அழித்து, திரும்ப வரைந்து, தாளே கிழிந்துவிட்டது. இரண்டு நிறமும் மாறுகிற கணக்கில் பட்டையை எங்கே வெட்டுவது என்று அவனுக்குத் தெரியவில்லை. கடைசியில் ஒரு பங்குக்குச் சின்னப் பெட்டி போட்டான். சிவப்பு 2 பெட்டியும் 10-ம், நீலம் 5 பெட்டியில் 3 குறைவு. முதலாவதன் நான்கு மடங்கும் இரண்டாவதன் மூன்று மடங்கும் சமம். எனவே 8 பெட்டி + 40 = 15 பெட்டி − 9. ஏழு பெட்டி 49, ஒன்று 7. சிவப்பு 14, நீலம் 35. அந்தப் பெட்டிதான் எக்ஸ். எழுத்தாக வந்தால் பயப்படுகிற பிள்ளை பெட்டியாக வந்தால் பயப்படுவதில்லை, அவ்வளவுதான்.

பின்பனி
பெட்டியை அவனே போட்டான், எக்ஸையோ நானே போட்டேன். நான் சொல்ல வந்தது அந்த வித்தியாசத்தைத்தான்.

நீலவானம்
சுருக்கமாக ஒன்று. அம்மா வயது 34, மகள் வயது 6. எத்தனை வருடம் கழித்து அம்மாவின் வயது மகளுடையதைப் போல மூன்று மடங்காகும்? என் பெண் 34-ஐ 3-ஆல் வகுத்துக்கொண்டே இருந்தாள். ஏன் என்று கேட்டதற்கு, “அம்மாவுக்கு வயசு ஏறுமா என்ன?” என்றாள். வயது ஏறுவது பிள்ளைகளுக்கு மட்டும்தான் என்று நினைத்திருக்கிறாள். இருவருக்கும் நடுவில் உள்ள 28 என்றைக்கும் மாறாது என்று தெரிந்ததும் அவளே முடித்துவிட்டாள்: இரண்டு பங்கு 28, ஒரு பங்கு 14, எட்டு வருடம்.

சுண்ணக்கட்டி
ஆரம்பப் பள்ளி ஆசிரியை நான். மழைத்துளி, அந்த அட்டையை இன்றே எடுத்துவிடுங்கள்.

பிரான்சில் கிரெனோபிள் நகரில் 1980 வாக்கில் ஆய்வாளர்கள் சிறு பிள்ளைகளிடம், “ஒரு கப்பலில் 26 செம்மறி ஆடுகளும் 10 வெள்ளாடுகளும் உள்ளன. கப்பல் தலைவனின் வயது என்ன?” என்று கேட்டார்கள். 97 பிள்ளைகளில் 76 பேர் அந்த எண்களை வைத்தே ஒரு விடை சொன்னார்கள். நான் நம்பவில்லை. என் வகுப்பில் கேட்டேன். நன்றாகப் படிக்கும் ஒரு பெண் உடனே 36 என்றாள். “எப்படிம்மா?” என்றேன். “கணக்குன்னா விடை இருக்கணும்ல டீச்சர்” என்றாள். அந்த முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

அதற்குப் பிறகு என் வகுப்பில் முதல் வாசிப்பில் பென்சில் கிடையாது. எண்களை விரலால் மறைத்துக்கொண்டு கதையை மட்டும் சொல்ல வேண்டும்: “அக்காகிட்ட கொஞ்சம் இருக்கு, தம்பிகிட்ட அதைவிடக் கம்மி.” யாரிடம் அதிகம் என்று சொன்ன பிறகுதான் விரலை எடுக்கலாம். அடுத்து, விடை வருவதற்கு முன்பே அதற்கு ஒரு வாக்கியம் எழுத வைப்பேன்: “தம்பியிடம் … ஸ்டிக்கர்கள் உள்ளன.” கோடிட்ட இடத்தில் 60-ஐ நிரப்பிப் படித்தால் பிழை பிள்ளையின் காதிலேயே விழும். வகுத்தல் கணக்கிலும் இது உதவும். 1128 வீரர்களை ஏற்ற, 36 பேர் அமரும் பேருந்துகள் எத்தனை வேண்டும்? 31, மீதி 12 என்று எழுதிவிட்டுப் போகும் பிள்ளைகள் நிறைய. “31, மீதி 12 பேருந்துகள் வேண்டும்” என்று வாய்விட்டுப் படித்தவன் நின்றுவிடுவான். மீதிப் பன்னிரண்டு பேரை யார் ஏற்றுவது? 32. இன்னொன்று, ஒரு நாளைக்குப் பத்துக் கணக்கு வேண்டாம், இரண்டு போதும். போட்டு முடித்த கணக்கையே மாற்றி, “இப்ப தம்பிகிட்ட 12 அதிகம்னா?” என்று கேளுங்கள். விடை தவறினால் உடனே திருத்தாமல், “எப்படி வந்தது, சொல்லு” என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள். பெற்றோருக்கு அந்தக் காத்திருப்புதான் கடினம்.

ஆலங்கட்டி
ஆசிரியை சொல்வது சரிதான், ஆனால் கதை புரிந்தும் தவறுகிற பிள்ளைகள் உண்டு. “ஐந்தில் மூன்று பங்கு” என்று நான் வாசிக்க, மகள் 5/3 என்று எழுதினாள். தமிழில் கீழ் எண்தானே முதலில் வருகிறது, கேட்ட வரிசையில் எழுதிவிட்டாள். விரலால் மறைத்து இதைப் பிடிக்க முடியாது. அதேபோல் “மூன்று மடங்கு” என்பதும் “மூன்று மடங்கு அதிகம்” என்பதும் ஒன்றா? 5-க்கு முதலாவது 15. இரண்டாவதை 15 என்று சிலர் சொல்கிறார்கள், 20 என்று சிலர் சொல்கிறார்கள். பெரியவர்களுக்கே உடன்பாடில்லாத ஒன்றுக்குப் பிள்ளையின் மதிப்பெண் போகிறது.

சுண்ணக்கட்டி
அந்த “மடங்கு அதிகம்” கேள்வித்தாளில் வரவே கூடாது என்பதுதான் என் கருத்தும்.

மழைத்துளி
அட்டையை எடுத்துவிட்டேன். இன்று இரவு அதே கணக்கு, விரலால் மறைத்துச் சொன்னான்: “அக்காகிட்டதான் நிறைய.” விரலை எடுத்தான். 36 என்று எழுதுவதற்கு முன் சுவரில் அட்டை இருந்த இடத்தை ஒருமுறை பார்த்தான், அப்புறம் என்னைப் பார்த்தான். “கழித்தலாம்மா?” என்று கேட்டான். நான் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவனே எழுதினான்.