கைமீட்டரா, கேமராவின் மீட்டரா?

வெள்ளிஉப்பு:
கேமராவுக்குள் இருக்கும் மீட்டர் பொருளின்மேல் பட்டுத் திரும்பும் ஒளியை அளந்து, எதைப் பார்த்தாலும் அதை நடுத்தரச் சாம்பல் நிறமாக்கும் ஒளியளவையே (எக்ஸ்போஷர்) சொல்கிறது. அதனால்தான் பட்டுவேட்டி சட்டையில் நிற்கும் மணமகன் மங்கிப்போகிறார்; கறுப்புக் கோட்டு வெளிறுகிறது. பொருள் இருக்கும் இடத்தில் வெள்ளைக் குமிழைக் கேமராவை நோக்கிப் பிடிக்கும் கைமீட்டரோ விழும் ஒளியை அளப்பதால், உடையின் நிறம் எதுவானாலும் அதன் கணக்கு மாறுவதில்லை. அரை ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரட்டிப்பாவது அல்லது பாதியாவது) பிழையும் தெரிந்துவிடும் ஸ்லைடு பிலிமில் இதை விட்டுவிடவே கூடாது.

மேட்ரிக்ஸ்:
சட்டகம் முழுவதையும் சராசரியாக அளந்த காலத்துக்கு உங்கள் குறை பொருந்தும். 1983-இல் வந்த நிக்கான் எஃப்ஏ சட்டகத்தை ஐந்து பகுதிகளாகப் பிரித்து அளந்தது. 1996-இன் எஃப்5, 1,005 புள்ளிகள் கொண்ட உணரியால் நிறத்தையும் சேர்த்துக் கணித்தது. தொலைவிலுள்ள மலைமுகட்டில் வெயிலடிக்க, நிழலில் நிற்கும் நீங்கள் அங்கே போய்க் குமிழைப் பிடிக்க முடியுமா? பில்டர் மாட்டினாலும், மிக நெருங்கி எடுக்கும் மேக்ரோவுக்கு லென்ஸை முன்தள்ளும் பெல்லோஸை நீட்டினாலும் குறைகிற ஒளியை லென்ஸ் வழியே அளக்கும் மீட்டர் தானே கணக்கில் கொள்கிறது.

வெள்ளிஉப்பு:
பில்டர் விஷயத்தை ஏற்கிறேன். ஆனால் 1941-இல் நியூ மெக்சிகோவின் ஹெர்னாண்டஸில் நிலவெழுச்சியைக் கண்ட அமெரிக்க நிழற்படக் கலைஞர் ஏன்சல் ஆடம்ஸுக்கு மீட்டர் கைக்கு அகப்படவில்லை. நிலவின் பொலிவு சதுர அடிக்கு 250 கேண்டில் என்பது நினைவிலிருந்ததால், எஃப்/32 என்ற லென்ஸ் துளை அளவில் ஒரு விநாடி என்று முடிவு செய்தார். ஒளியைத் தானே அளந்து பழகியவருக்குத்தான் இது கூடும். கேமரா சொன்னதை அப்படியே ஏற்பவருக்கு அந்த அறிவு சேர்வதில்லை.

மேட்ரிக்ஸ்:
அந்த எடுத்துக்காட்டு எனக்கே துணை நிற்கிறது. நிலவின் பொலிவு என்பது நிலவில் பட்டுத் திரும்பும் ஒளி. சட்டகத்தின் ஒரு சிறு புள்ளியை மட்டும் பார்க்கும் கேமராவின் ஸ்பாட் மீட்டர் அளப்பதும் அதையே. மேலும், அளக்கப்படாத முன்புலம் நெகட்டிவில் மெலிந்துபோனதால், 1948-இல் அதை வேதிமுறையில் அடர்த்தியாக்க நேர்ந்தது.

வெள்ளிஉப்பு:
ஸ்டூடியோ பிளாஷுக்கு என்ன செய்வீர்கள்? கண்ணிமைக்கும் முன் மறையும் அந்த ஒளியைப் பெரும்பாலான பிலிம் கேமராக்களின் மீட்டர் அளப்பதேயில்லை.

மேட்ரிக்ஸ்:
டிஜிட்டலில் ஒரு சோதனைப் படமும், அதன் ஒளிப் பரவலைக் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமும் போதும். பிலிமுக்கு, அங்கே மட்டும், பிளாஷை அளக்கும் கைமீட்டர் வேண்டும் என்பதை மறுக்க மாட்டேன்.