மார்ச்சில் போட்ட கணக்கு: பேஸ்பால் கணிப்பில் வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள் இங்கே எழுதுங்கள்

கன்சாஸ்காரன்:

சீசனுக்கு முந்தைய ஸ்ப்ரிங் ட்ரெயினிங் ஆரம்பித்ததும் எந்த அணிக்கு எத்தனை வெற்றி என்று எல்லோரும் எழுதத் தொடங்கிவிடுகிறார்கள். நான் 2015க்குப் பிறகு எழுதுவதில்லை.

எங்கள் ஆபீஸில் அந்த வருடம் ஆளுக்கு 10 டாலர். எங்கள் ஊர் அணி கன்சாஸ் சிட்டி ராயல்ஸ் எத்தனை ஜெயிக்கும் என்று ஒரு சீட்டில் எழுதி, பேன்ட்ரி ஃப்ரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்ட வேண்டும். முந்தைய அக்டோபரில்தான் இறுதித் தொடரான வேர்ல்டு சீரிஸின் ஏழாவது ஆட்டத்தில், சமன் செய்யும் ரன் மூன்றாவது பேஸில் நிற்க நிற்கத் தோற்றிருந்தோம். அந்த வெறியில் எல்லோரும் 90க்கு மேல் எழுதினார்கள். நான் டேட்டா ஆள் அல்லவா? பெகோட்டா என்ற கம்ப்யூட்டர் கணிப்பு முறை 72 என்று சொல்லியிருந்தது. அப்படியே 72 என்று எழுதி, கீழே "உணர்ச்சிக்கு இடமில்லை" என்று ஒரு வரி வேறு சேர்த்தேன். அந்த ஒரு வரிதான் வினை.

ஆகஸ்ட் முடிவதற்குள் 72ஐத் தாண்டிவிட்டார்கள். யாரோ மற்ற சீட்டுகளை எல்லாம் எடுத்துவிட்டு என்னுடையதை மட்டும் விட்டுவைத்திருந்தார்கள். காபிக்குப் பால் எடுக்கப் போனால் தினமும் என் கையெழுத்து. 95 வெற்றி, அப்புறம் கோப்பை. நவம்பர் 3 ஊர்வலத்துக்கு 8 லட்சம் பேர் வந்தார்கள் என்றது நகராட்சி. நானும் நீலச் சட்டை போட்டுக்கொண்டு போனேன். மறுநாள் ஆபீஸுக்கு வந்தால் அந்தச் சீட்டை லேமினேட் செய்து என் கீபோர்டு மேல் வைத்திருந்தார்கள். இரண்டு கம்பெனி மாறிவிட்டேன், இன்னும் டிராயரில் கிடக்கிறது.

மழையூரான்:

எனக்கு இதற்கு நேர் எதிர். நான் சொன்னது கடைசியில் நடந்தது. அதுதான் உறுத்துகிறது.

2021 சியாட்டில் மாரினர்ஸ். அடித்த ரன்னைவிட 51 ரன் அதிகமாக விட்டுக்கொடுத்த அணி. அடித்த ரன்னையும் விட்ட ரன்னையும் வைத்து வெற்றியை மதிப்பிடும் பில் ஜேம்ஸின் பிதாகோரஸ் கணக்கைப் போட்டால் 76 வெற்றிதான் வரும். ஆனால் இவர்கள் ஒரு ரன், ஒரு ரன்னாக ஜெயித்துக்கொண்டே போனார்கள். என் பையனுக்கு அப்போது பதினோரு வயது. ஜூனிலிருந்து அவனிடம் "இது நிக்காதுடா, அடுத்த மாசம் சரிஞ்சிரும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். ஜூலையில் சரியவில்லை, ஆகஸ்டிலும் சரியவில்லை. 2001க்குப் பிறகு பிளேஆஃப் பார்க்காத ஊர், 90 வெற்றியோடு கடைசி நாள் வரை உயிரோடு இருந்தது.

அக்டோபர் 3, டிக்கெட் எடுத்துப் போனோம். ஏஞ்சல்ஸிடம் 7-3. ஒன்பதாவது இன்னிங்ஸில் கைல் சீகரை நடுவிலேயே வெளியே அழைத்தார்கள். பதினோரு சீசன் ஒரே அணிக்கு ஆடியவர். மொத்த ஸ்டேடியமும் எழுந்து நின்றது, அவர் அழுதுகொண்டே போனார். பையன் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பி, "நீ சொன்ன மாதிரியே ஆயிடுச்சுப்பா, சந்தோஷமா?" என்றான்.

பத்தாவது இன்னிங்ஸ்:

மழையூரான், உங்கள் ஊருக்கு விழுந்த அதிர்ஷ்டத்தை இரண்டு வருடம் கழித்து சான் டியேகோவில் வட்டியோடு வசூலித்தார்கள். 2023 பாட்ரேஸ். சோட்டோ, மச்சாடோ, டாட்டிஸ், போகார்ட்ஸ் நான்கு பேரும் ஒரே வரிசையில். நான் 98 என்று எழுதினேன். பிளேஆஃப் போகாவிட்டால் இருபது பேருக்கு என் வீட்டில் பிரியாணி என்று வாய் விட்டேன்.

ரன் வித்தியாசம் பிளஸ் 104. கணக்குப்படி 92 வெற்றி வர வேண்டும். வந்தது 82. ஒரு ரன் வித்தியாசத்தில் முடிந்த ஆட்டங்களில் 9-23, அதாவது 9 வெற்றி, 23 தோல்வி. கூடுதல் இன்னிங்ஸில் 2-12. தப்பாக டைப் அடிக்கவில்லை, பன்னிரண்டேதான். பத்தாவது இன்னிங்ஸ் வந்தாலே மனைவி ரிமோட்டைப் பிடுங்கி அணைத்துவிடுவாள். "ரெண்டாவது பேஸ்ல சும்மாவே ஒரு ஆள நிக்க வச்சுக் குடுக்கறாங்க, அப்பவும் நம்மாளுங்களுக்கு அவனை வீட்டுக்குக் கூட்டிட்டு வரத் தெரியல" என்பாள். கிரிக்கெட்கூடப் பார்க்காதவள்.

பிரியாணி போட்டேன். ஒருவன் லெக் பீஸைப் பார்த்து எடுத்துக்கொண்டே, "ரன் வித்தியாசத்துல நீதான்டா ஜெயிச்சே" என்றான். அவனை அதற்கப்புறம் கூப்பிடவில்லை.

புள்ளியியல் வாத்தி:

நானும் பட்டிருக்கிறேன். 2011 பால்டிமோர் ஓரியோல்ஸ் 69-93. அடுத்த வருடமும் 70தான் என்று எழுதினேன், அப்படியே தலைகீழாக 93-69 வந்தது. ஒரு ரன் ஆட்டங்களில் 29-9. சரி, அது கிடக்கட்டும்.

இங்கே எல்லோரும் அடிப்படை ஒன்றைக் கவனிக்காமல் பேசுகிறீர்கள். சரிபாதி ஜெயிக்கக்கூடிய ஒரு அணியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் திறமை உங்களுக்குத் துல்லியமாகத் தெரியும் என்றே வைத்துக்கொள்வோம். ஒரு சீசனின் 162 ஆட்டமும் 162 முறை காசைச் சுண்டுவது மாதிரிதான். 162க்கு வர்க்கமூலம் எடுத்துப் பாதியாக்கினால் கிட்டத்தட்ட 6.4. அதாவது மூன்றில் இரண்டு வருடம் அந்த அணி 75க்கும் 87க்கும் நடுவில் எங்கே வேண்டுமானாலும் நிற்கும், மூன்றாவது வருடம் அதற்கும் வெளியே. கடவுளே வந்து கணித்தாலும் ஆறு வெற்றி முன்னே பின்னே போகும். இதைப் புரிந்துகொள்ளாமல் 72 என்ற ஒற்றை எண்ணை ஃப்ரிட்ஜில் ஒட்டினால் யார் தப்பு? எண்ணை எழுதாதீர்கள், ஒரு எல்லையை எழுதுங்கள்.

அப்புறம், ஒவ்வொரு வீரரையும் தனித்தனியாகக் கணக்கிடக் கற்றுக்கொள்ளுங்கள். டாம் டாங்கோ உண்டாக்கிய மார்செல் முறை போதும். ஒரு குரங்குக்குக்கூடத் தெரிந்திருக்க வேண்டிய குறைந்தபட்ச அறிவு என்பதால் குரங்கின் பெயரையே வைத்தார். போன வருடத்துக்கு 5 பங்கு, அதற்கு முந்தையதற்கு 4, அதற்கும் முந்தையதற்கு 3. அதை லீக் சராசரி பக்கம் கொஞ்சம் இழுத்து, வயசுக்கு ஏற்றபடி கூட்டிக் குறைக்க வேண்டும். முப்பதைத் தாண்டிய பேட்டர்களை நம்பி அணி கட்டினால் சரிவு நிச்சயம். பிட்சர்களின் முழங்கையை யாராலும் கணிக்க முடியாது, டாமி ஜான் அறுவை என்றால் ஒரு வருடத்துக்கு மேல் போச்சு. ஆட்டத்தைத் தொடங்கும் பிட்சர்களில் ஆறாவது, ஏழாவது ஆள் யார் என்று பார்க்காமல் கணிக்காதீர்கள். ஸ்ப்ரிங் ட்ரெயினிங் ஸ்கோரைத் தொடவே தொடாதீர்கள், அங்கே பிட்சர் புது வகை வீச்சு பழகிக்கொண்டிருப்பார், ஏழாவது இன்னிங்ஸில் ஆடுபவன் சட்டை எண் 90க்கு மேல் இருக்கும். கன்சாஸ்காரர் பெகோட்டாவைக் குறை சொல்கிறார். 2007இல் 66 ஜெயித்த டாம்பா பே ரேஸ், 2008இல் 80ஐத் தாண்டும் என்று சொன்னதும் அதே பெகோட்டாதான். எல்லோரும் சிரித்தார்கள். 97 ஜெயித்து வேர்ல்டு சீரிஸுக்குப் போனார்கள்.

கன்சாஸ்காரன்:

வாத்தி, நான் பெகோட்டாவைக் குறையே சொல்லவில்லை. என் கையெழுத்தைத்தான் சொன்னேன். எல்லையை எழுதியிருந்தாலும் 72இலிருந்து 95க்கு உங்கள் 6.4 எட்டாது. அந்த அணி அந்த வருடம் லீகிலேயே குறைவாக ஸ்ட்ரைக்அவுட் ஆன அணி, பின்வரிசையில் மைதானமெல்லாம் ஓடிப் பிடிப்பார்கள், ஏழாவது இன்னிங்ஸுக்கு மேல் புல்பென், அதாவது மாற்று பிட்சர்கள், கதவைச் சாத்திவிடுவார்கள். ஃபார்முலாவில் இதற்கெல்லாம் மதிப்புக் குறைவு. எங்கள் ஆபீஸ் ரிசப்ஷனில் இருந்த அம்மாவுக்கு இது தெரிந்திருந்தது. 96 என்று எழுதி, திரண்ட பணத்தை எல்லாம் அவர்தான் அள்ளிக்கொண்டு போனார்.

ஃபென்வே பக்கத்து வீடு:

வாத்தியாரே, இங்கே யாரும் டியூஷன் கேட்கவில்லை.

2011 பாஸ்டன் ரெட் சாக்ஸ். கார்ல் கிராஃபர்டுக்கு 142 மில்லியன், கூடவே ஏட்ரியன் கொன்சாலஸ். நான் 100 வெற்றி என்று எழுதினேன், பாஸ்டனில் எல்லோரும் அப்படித்தான் எழுதினார்கள். முதல் ஆறு ஆட்டமும் தோல்வி. பிறகு எழுந்தார்கள். செப்டம்பர் தொடக்கத்தில், பிளேஆஃபுக்கான கடைசி இடமான வைல்ட் கார்டில் ரேஸுக்கு ஒன்பது ஆட்டம் முன்னே. அந்த மாதம் மட்டும் 7-20.

செப்டம்பர் 28. என் மச்சான் டாம்பாவில் இருக்கிறான், ரேஸ் ஆள். முன்னதாகவே போன் செய்து, "நாங்க யாங்கீஸ்கிட்ட 7-0 பின்தங்கிட்டோம், நீங்க தப்பிச்சீங்க" என்றான். பால்டிமோரில் எங்கள் ஆட்டம், மழையில் நின்று மறுபடி தொடங்கியது. ஒன்பதாவதில் நாங்கள் 3-2 முன்னே, இரண்டு அவுட், பேஸில் யாரும் இல்லை. ஒரு டபுள், இன்னொரு டபுள், சமன். அப்புறம் ஆண்டினோ இடப்பக்கம் ஒரு அடி. கிராஃபர்டு சறுக்கிக்கொண்டே வந்தார், பந்து கையுறையில் பட்டுக் கீழே விழுந்தது. 4-3. நான் சோபாவில் இருந்து எழவில்லை. மூன்று நிமிடம் இருக்கும், போன் அடித்தது. மச்சான்தான். ஒரு வார்த்தை பேசவில்லை. போனை டிவி பக்கம் காட்டிப் பிடித்திருந்தான். லங்கோரியா அடித்து ரேஸ் ஜெயித்துவிட்டது, நாங்கள் வெளியே என்று அந்த இரைச்சலிலேயே தெரிந்துவிட்டது. எவ்வளவு நேரம் கேட்டுக்கொண்டிருந்தேன் என்று தெரியாது. இவ்வளவுக்கும் போன் பில் அவனுடையது.

தெற்குப்பக்கம்:

சிகாகோ ஒயிட் சாக்ஸ், 2024. நான் 61 என்று எழுதினேன். ஊர்க்காரனாக இருந்துகொண்டு இவ்வளவு கொடூரமாக எழுதலாமா என்று அண்ணன் கோபித்துக்கொண்டார். வந்தது 41. மேலே 6.4 என்று சொன்னவர் இதற்கு ஏதாவது பதில் வைத்திருக்கிறாரா?

ஆனால் எனக்கு உறுத்துவது அது இல்லை. 1962 மெட்ஸின் 120 தோல்வியைத் தொட்டுவிட்டு ஊர் திரும்பினார்கள். செப்டம்பர் 24, ஏஞ்சல்ஸோடு ஆட்டம். 121ஐ நேரில் பார்த்துவிட வேண்டும் என்று லீவு போட்டுவிட்டுப் போனேன். வரலாறு அல்லவா, பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லலாம். ஏழு இன்னிங்ஸ் வரை எல்லாம் நன்றாகத்தான் போனது, 2-0 பின்தங்கியிருந்தார்கள். எட்டாவதில் மூன்று ரன் அடித்து ஜெயித்துவிட்டார்கள்! பக்கத்து சீட்டில் ஒரு பெரியவர், சாக்ஸ் தொப்பி, சாக்ஸ் ஜாக்கெட், கையில் ஸ்கோர் புத்தகம். பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, "தோற்கக்கூட இவர்களை நம்ப முடியாது" என்றார். அடுத்த இரண்டு நாளும் ஜெயித்தார்கள். 121 டெட்ராய்ட்டில் நடந்தது. நான் பார்க்கவில்லை.

புள்ளியியல் வாத்தி:

சீசன் நடுவில் ஆட்களை விற்றுவிட்டால் மார்ச்சில் கணித்த அணியே வேறு. அதைத் தனியாகக் கணக்கில் எடுக்க வேண்டும், விரிவாக எழுதுகிறேன்.

ஃப்ரீமாண்ட் மருமகள்:

எழுத வேண்டாம், ப்ளீஸ்.

முப்பதைத் தாண்டியவர்கள் பற்றி ஒன்று சொன்னீர்களே, அதற்கு மட்டும். என் மாமியார் 2020 பிப்ரவரியில் திருச்சியில் இருந்து வந்து, கொரோனாவில் மாட்டிக்கொண்டு, விசாவை நீட்டித்து எங்களோடே இருந்தார். சீரியலெல்லாம் தீர்ந்துபோய் என் கணவரோடு பேஸ்பால் பார்க்கப் பழகிவிட்டார். 2021 மார்ச்சில் வீட்டில் எல்லோரும் கணிப்பு எழுதினோம். சான் பிரான்சிஸ்கோ ஜயண்ட்ஸுக்கு நான் 75, கணவர் 74. கணிப்புத் தளங்களிலும் அதை ஒட்டித்தான் இருந்தது. மாமியார் "இவங்கதான் ஃபர்ஸ்ட்" என்றார். ஏன் அத்தை என்றால், பஸ்டர் போஸியைக் காட்டி, "இந்தப் பையன் குழந்தைங்களுக்காகப் போன வருஷம் முழுக்க லீவுல இருந்தான்ல? நல்லா தூங்கி எழுந்திருப்பான்" என்றார். அந்தப் பையனுக்கு 34 வயது. பக்கத்தில் கிராஃபர்டுக்கும் 34, லங்கோரியாவுக்கு 35.

107 வெற்றி. அந்த அணியின் வரலாற்றிலேயே அதிகம். டாட்ஜர்ஸ் 106 ஜெயித்து இரண்டாவது. இதை நான் எந்த 5-4-3இலும் பார்க்கவில்லை.

அப்புறம் அக்டோபர் 14. டாட்ஜர்ஸோடு பிளேஆஃபில் ஐந்தாவது ஆட்டம், 2-1 பின்தங்கி ஒன்பதாவதில் இரண்டு அவுட். வில்மர் ஃப்ளோரஸ் மட்டையை ஓங்கிவிட்டுப் பாதியில் நிறுத்தினார். அம்பயர் கையை உயர்த்தினார், சீசன் முடிந்தது. மாமியார் சோபா நுனியில் உட்கார்ந்து, "அவன்தான் அடிக்கவே இல்லையே, ஏன் அவுட்டு?" என்று கேட்டார். கணவர் விதியை விளக்க ஆரம்பித்தார், நடுவில் நிறுத்திவிட்டார். மாமியார் ஊருக்குப் போய் இவ்வளவு நாளாகியும் போனில் பேரனை விசாரித்துவிட்டு அடுத்து அதைத்தான் கேட்பார்.

மழையூரான்:

கிராஃபர்டு இரண்டு பேர், குழப்பிக்கொள்ளாதீர்கள். மேலே பாஸ்டன்காரர் சொன்னது கார்ல், இது பிராண்டன். லங்கோரியா மட்டும் இரண்டு கதையிலும் ஒரே ஆள்தான். வாத்தியாருக்கு வேலை மிச்சம்.

ஸ்காபரோ பெடியன்:

எல்லாரும் பழங்கதை. என்ரது 2025.

டொராண்டோ புளூ ஜேஸ் 2024இல் 74 வெற்றியோடு ஐந்தாவது இடம், டிவிஷனில் கடைசி. ஏப்ரலில் கெரேரோ ஜூனியருக்கு 14 வருடத்துக்கு 500 மில்லியன். அண்ணைக்குச் சந்தோஷம். நான் சொன்னேன், "ஒருத்தனுக்கே இவ்வளவு எண்டால் மிச்சப் பேருக்கு என்ன இருக்கு? 78க்கு மேல வராது." தோற்றவர் வென்றவருக்குக் குளிர்காலம் முழுக்கக் கொத்து வாங்கிக் கொடுக்க வேண்டும் என்று பந்தயம். 94 வென்று, யாங்கீஸோடு சமனாகி, நேருக்கு நேர் ஆட்டங்களில் கூடுதலாக வென்ற கணக்கில் டிவிஷனையும் எடுத்தார்கள். சரி, பந்தயம் போச்சு. அக்டோபர் ஆக ஆக நான் அண்ணையைவிடப் பெரிய ஜேஸ் ரசிகன் ஆகிவிட்டேன், அதை அவர் சொல்லிச் சொல்லிக் காட்டுவார்.

நவம்பர் 1, வேர்ல்டு சீரிஸ் ஏழாவது ஆட்டம். எங்கட கொத்துக்கடையில் கதிரை இல்லை, ஆட்கள் வாசல் வரை. ஒன்பதாவதில் 4-3 முன்னே, இன்னும் இரண்டு அவுட் எடுத்தால் கோப்பை. உள்ளே தகடு இரண்டும் டக டக என்று ரொட்டியைக் கொத்திக்கொண்டே இருந்தது. டாட்ஜர்ஸில் ரோஹாஸ் வந்தார். ஹோம் ரன் அடிக்கிற ஆளே இல்லை என்று எனக்குப் பக்கத்தில் நின்றவர் சொல்லி வாய் மூடவில்லை.

கொத்துச் சத்தம் நின்றது. கடைக்காரர் இரண்டு தகட்டையும் கையில் பிடித்தபடி டிவியைப் பார்த்துக்கொண்டு நின்றார். ரொட்டி கருகுகிற மணம் வந்தது, ஒருத்தரும் சொல்லவில்லை. பதினொராவது இன்னிங்ஸில் வில் ஸ்மித் அடித்தபோது பாதிப் பேர் வெளியே போய்விட்டார்கள்.

கொத்து இன்னும் வாங்கிக் கொடுக்கவில்லை. அண்ணை கேட்கவும் இல்லை.