‘ஏற்றுவது’ யார், ‘ஏற்பது’ யார்? – ‘அமைவேற்பு’ என்ற சொல்லை முன்வைத்து

அன்புள்ள அனைவருக்கும் வணக்கம்.

நாம் தமிழில் எழுதும் பைத்தான் நிரல்மொழிக் கையேட்டில் கான்ஃபிக் ஃபைலை (நிரலுக்கு வேண்டிய செட்டிங்குகளைத் தனியே எழுதி வைக்கும் கோப்பை) லோடு செய்யும் பாடம் வந்ததிலிருந்து, அதற்கு எந்தத் தமிழ்ச் சொல்லை வைப்பது என்ற ஒரு கேள்வியிலேயே நிற்கிறோம். கொஞ்சம் நின்றுவிட்டுப் போவது நல்லது என்றே எனக்குப் படுகிறது. இந்த இடத்தில் தப்பான சொல்லை வைத்தால் பிள்ளைகள் பாடத்தையும் தப்பாகத்தான் புரிந்துகொள்வார்கள்.

இதுவரை மூன்று கருத்துகள் வந்திருக்கின்றன. திருவட்டாறு அண்ணன் ‘உள்ளமைவை ஏற்றுதல்’ என்கிறார். சுசீந்திரம் அக்கா ‘படித்தரம்’ என்ற பழைய கோயில் சொல்லை எடுத்துக் கொடுத்திருக்கிறார். மார்த்தாண்டம் ஐயா, ‘லோடு’ மாணவர்கள் வாயில் நிலைத்துவிட்டது, அப்படியே விடலாம் என்கிறார். மூன்றையும் யோசித்துப் பார்த்தேன். எனக்குத் தோன்றியதைச் சொல்கிறேன்.

முதலில் ‘உள்ளமைவு’. கணினித் திரைகளில் பலகாலமாகப் புழங்கும் சொல்தான், அண்ணன் அதை எடுத்தது இயல்பு. ஆனால் இந்தக் கோப்பின் வேலையே விலை, கோப்புறைப் பாதை, பிரின்டரின் பெயர் போன்றவற்றை நிரலுக்குள் புதைக்காமல் வெளியே எடுத்து வைப்பது. வெளியே வைப்பதற்காகவே உண்டான ஒன்றை ‘உள்’ என்று தொடங்கி அழைத்தால் வகுப்பில் முதல் கேள்வியே அதுவாக இருக்கும். ‘அமைப்பு’ என்றும் வைக்க முடியாது. சங்கமும் அமைப்பு, சிஸ்டமும் அமைப்பு, ஃபோனில் செட்டிங்ஸும் அமைப்பு என்று அந்தச் சொல் ஏற்கெனவே அளவுக்கு மீறிச் சுமக்கிறது. ஒரு செட்டிங்குக்கு ‘அமைவு’ போதும், கோப்பு ‘அமைவுக் கோப்பு’. இதில் பெரிய சண்டை வராது என்று நம்புகிறேன்.

சிக்கல் ‘லோடு’ என்ற வினையில்தான் இருக்கிறது. அது எனக்கு விளங்கியது குலசேகரத்தில், என் மாமாவின் ரப்பர் பால் வாங்கும் கடையில்.

காலையில் பால்வெட்டு முடிந்து கேனோடு வருவார்கள். பாலை நிறுத்து, மெட்ரோலாக் என்ற மிதவைக் கருவியை விட்டு டிஆர்சி (பாலில் உலர்ந்த ரப்பரின் விழுக்காடு) பார்த்து, உலர்ந்த ரப்பர் எவ்வளவு தேறும் என்று கணக்குப் போட்டுத்தான் பணம். 40 கிலோ பால், டிஆர்சி 35 என்றால் 14 கிலோ ரப்பருக்கு விலை. இந்தக் கணக்குக்கும் பில்லுக்கும் மாமாவுக்கு ஒரு சின்ன பைத்தான் நிரல் எழுதிக் கொடுத்திருந்தேன். விலை தினமும் மாறும் என்பதால் அதை மட்டும் தனிக் கோப்பில் வைத்தேன். மாமா நோட்பேடில் திறந்து மாற்றிக்கொள்வார்:

[விலை]
பால் = அன்றைய விலை
ஒட்டுப்பால் = அன்றைய விலை

[கடை]
டிஆர்சி = 35
பில்_அச்சிடு = ஆம்

ஒருநாள் விலை ஏறியிருந்தது. மாமா மாற்றி எழுதிச் சேமித்தும் பில் பழைய விலையிலேயே வந்தது. ஃபோனில் அவர் சொன்னது அப்படியே நினைவிருக்கிறது: “எடே, நான் எழுதி வச்சது கோப்புல கெடக்கு. அது ஏத்துக்கிடல்லியே.”

போய்ப் பார்த்தேன். கம்ப்யூட்டரைத் திறந்ததும் நிரல் தானாக ஓடட்டும் என்று விண்டோஸ் டாஸ்க் ஷெட்யூலரில் அதற்கு முந்தின நாள்தான் போட்டிருந்தேன். எந்தக் கோப்புறையிலிருந்து தொடங்க வேண்டும் என்று அங்கே சொல்லாமல் விட்டால் அது விண்டோஸின் சொந்தக் கோப்புறையான சிஸ்டம்32-இலிருந்து தொடங்கும். நான் கோப்பின் பெயரை மட்டும் கொடுத்திருந்தேன், பாதை கொடுக்கவில்லை. அதனால் நிரல் விலைக் கோப்பை அங்கே தேடியது, அங்கே அது இல்லை. இத்தகைய கோப்புகளைப் படிக்கப் பைத்தானோடு வரும் கான்ஃபிக்பார்சரில் ‘ரீட்’ என்ற செயல்கூறு (ஃபங்ஷன்), கேட்ட கோப்பு இல்லையென்றால் பிழை எதுவும் காட்டாது. எந்தெந்தக் கோப்புகளைப் படித்தது என்று ஒரு பட்டியலை மட்டும் திருப்பித் தரும். அன்று அது தந்தது ஒரு பெயரும் இல்லாத வெற்றுப் பட்டியல். நான் அதைச் சரிபார்க்காமல், விலை கிடைக்காவிட்டால் எடுத்துக்கொள்ள ஒரு பழைய விலையையும் நிரலில் எழுதி வைத்திருந்தேன். அதைத்தான் அது எடுத்துக்கொண்டது. தவறு முழுக்க என்னுடையது. பாதையை நிரல் இருக்கும் இடத்திலிருந்தே கணக்கிடும்படி மாற்றி, பட்டியல் வெறுமையானால் நின்றுவிடும்படியும் செய்தேன்.

மாமாவின் அந்த வாக்கியம்தான் என்னை விடவில்லை. அவர் ‘ஏத்தல்ல’ என்று சொல்லவில்லை, ‘ஏத்துக்கிடல்ல’ என்றார். காதுக்கு ரெண்டும் ஒட்டிப் பிறந்தவைபோலத் தெரிந்தாலும் வேர் வேறு. ஏறு என்பதன் பிறவினை ஏற்று. சரக்கு தானாக ஏறாது, ஒருவர் ஏற்ற வேண்டும். வாழைக்குலை, ரப்பர் ஷீட்டு எல்லாம் லாரியில் லோடு ஏத்துவது அப்படித்தான். ஏற்பது ‘ஏல்’ என்ற வேரிலிருந்து வருவது. கையில் வாங்குவது, ஒப்புக்கொள்வது, பொறுப்பாக எடுத்துக்கொள்வது எல்லாம் அதற்குள் அடங்கும். லாரியில் ஏற்றிய குலையை லாரி ஏற்பதில்லை. அது சும்மா சுமக்கிறது.

நிரல் அமைவுகளை என்ன செய்கிறது? படத்தையோ பக்கத்தையோ நினைவகத்துக்குக் கொண்டுவருவது உண்மையிலேயே ஏற்றுவதுதான், அங்கே ‘ஏற்று’ இருக்கட்டும். அமைவுக் கோப்பு அப்படி இல்லை. கோப்பைத் தேட வேண்டும், எழுத்துகளைப் படிக்க வேண்டும், பெயர் எது மதிப்பு எது என்று பகுக்க வேண்டும், ஒவ்வொரு மதிப்பும் தனக்கு ஆகுமா என்று பார்க்க வேண்டும், கடைசியில் அதன்படி நடக்கத் தொடங்க வேண்டும். கடைசி இரண்டும் நடக்காதவரை லோடு ஆனதில் பயன் இல்லை.

இதை அதே கடையில் இன்னொரு முறையும் பார்த்தேன். மாமா ஒருநாள் டிஆர்சி-க்கு எதிரே ‘35%’ என்று எழுதிவிட்டார். மனிதர் யாரும் அப்படித்தான் எழுதுவார்கள். கோப்பைப் படித்தபோது ஒரு பிழையும் வரவில்லை. முதல் ஆள் பாலை நிறுத்து, கணக்குக்காக அந்த மதிப்பைக் கேட்ட நேரத்தில்தான் நிரல் நின்றது. கான்ஃபிக்பார்சருக்கு அந்தக் குறி, ஒரு மதிப்புக்குள் இன்னொரு மதிப்பைச் செருகுவதற்கான அடையாளம். வெறும் விழுக்காட்டுக் குறியாக வேண்டுமென்றால் இரண்டு முறை எழுத வேண்டும், அல்லது அந்தச் செருகல் வசதியையே அணைத்துவிட வேண்டும். அப்படிச் செய்தாலும் தசம எண்ணாக மாற்றும் இடத்தில் ‘35%’ மறுபடி முட்டும், எண்ணோடு குறி ஒட்டியிருப்பதால். அதாவது கோப்பு ‘ஏறி’விட்டது, மதிப்பு ‘ஏற்கப்படவில்லை’. இரண்டுக்கும் நடுவே சில மணிநேரம்கூட இருக்கலாம். ‘ஏற்றுதல்’ என்ற ஒற்றைச் சொல்லால் இந்த இடைவெளியைப் பிள்ளைகளுக்குக் காட்ட முடியாது.

ஆகவே என் முன்மொழிவு: அமைவேற்பு.

பதவியேற்பு, பொறுப்பேற்பு, உறுதிமொழியேற்பு என்று செய்தித்தாளில் தினமும் படிக்கும் வார்ப்புதான். புதிதாக யாரும் பழக வேண்டியதில்லை. ‘நிரல் தொடங்கும்போது அமைவேற்கும்’, ‘அமைவேற்பில் பிழை’, ‘அமைவு ஏற்கப்படவில்லை’ என்று வினையாகவும் பெயராகவும் எதிர்மறையாகவும் தடையின்றி வருகிறது. ‘ஏற்றப்படவில்லை’ என்றால் கோப்பு வரவில்லை. ‘ஏற்கப்படவில்லை’ என்றால் வந்தது, ஆனால் ஆகாது. ஒரு ‘ற’வும் ஒரு ‘க’வும் செய்யும் இந்த வேலையைத் தமிழ் நமக்கு இலவசமாகவே தருகிறது.

சர்வர் பக்கம் வேலை செய்பவர்களுக்கும் இது பொருந்தும். என்ஜின்எக்ஸ் என்ற வலைச் சர்வர் மென்பொருளை ரீலோடு செய்யச் சொன்னால், அது புதிய அமைவுக் கோப்பை முதலில் சரிபார்க்கும். பிழை இருந்தால் அதைத் தள்ளிவிட்டுப் பழைய அமைவிலேயே ஓடிக்கொண்டிருக்கும். இதை ‘மறுபடி ஏற்றியது’ என்று எப்படி எழுதுவது? ‘புதிய அமைவை ஏற்கவில்லை’ என்று எழுதினால் நடந்தது அப்படியே வந்துவிடுகிறது.

அக்காவின் ‘படித்தரம்’ பற்றி. அக்கா, உங்கள் மடலை இரண்டு முறை படித்தேன். இந்தச் சொல்லை விட எனக்கு மனமில்லை. நம் பக்கத்துப் பழைய கோயில்களில் தினப் பூசைக்கு அரிசி எவ்வளவு, எண்ணெய் எவ்வளவு, பூ எவ்வளவு என்று நிலையாக வகுத்து வைத்த அளவுதான் படித்தரம். பூசை செய்கிறவர் ஒருவர், அளவை வகுத்தவர் வேறொருவர். பூசைமுறையைத் தொடாமலே அளவை மாற்றலாம். நிரலையும் அமைவையும் பிரித்து வைப்பதற்கு இதைவிட நல்ல உவமை கிடைக்காது. பாடத்தில் இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும்.

ஆனால் பொதுச் சொல்லாக வைத்தால், கோயில் வழக்கு தெரியாத பிள்ளை ‘படி’யை நகல் என்றும் ‘தரம்’ என்பதைத் தகுதி என்றும் பிரித்துப் படிக்கும். அதனால் ஒரு குறுகின இடத்தில் அதைப் பொருத்தலாமா என்று கேட்கிறேன். கான்ஃபிக்பார்சரில் ‘டீஃபால்ட்’ என்று ஒரு சிறப்புப் பிரிவு உண்டு. அதில் எழுதியவை மற்ற எல்லாப் பிரிவுகளுக்கும் செல்லும். ஒரு பிரிவு தனக்கென்று வேறு மதிப்பு சொன்னால் அங்கே மட்டும் அது மாறும். சாதாரண நாளுக்குப் படித்தரம், திருவிழா நாளுக்குத் தனி ஏற்பாடு என்பதுபோல. தனி ஒரு மதிப்புக்கு ‘இயல்பிருப்பு’ என்று நிலைத்துவிட்டது, அதைக் கலைக்க வேண்டாம். அந்தப் பிரிவு முழுமைக்கும் ‘படித்தரம்’ என்று வைக்கலாம். உங்கள் சம்மதம் வேண்டும்.

மார்த்தாண்டம் ஐயாவுக்கு: ஐயா, பேச்சில் ‘லோடு’ இருக்கட்டும், நானும் கடையில் அப்படித்தான் சொல்கிறேன். ஆனால் பிழைச்செய்தி எழுத்தில் வருவது. அதைப் படிப்பவர் மாமாவைப் போன்றவர். ‘கான்ஃபிக் லோடு எரர்’ என்று வந்தால் அவர் என்னைக் கூப்பிடுவார். ‘டிஆர்சி: “35%” என்ற மதிப்பு ஏற்கப்படவில்லை, எண் மட்டும் எழுதவும்’ என்று வந்தால் அவரே கோப்பைத் திறந்து திருத்துவார். இப்போது கடையில் அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

ஒரு தடங்கலை நானே சொல்லிவிடுகிறேன். செயல்கூறுகளுக்கு ஏவல் வடிவில் பெயர் வைப்பது நம் கையேட்டின் வழக்கம்: படி, எழுது, சேமி. அந்தக் கணக்கில் இது ‘அமைவேல்’ ஆகிவிடும். அது ஆகாது. ஆத்திச்சூடியின் ‘கரவேல்’, ‘விலக்கேல்’ எல்லாம் ‘செய்யாதே’ என்று விலக்குபவை. அந்த ஓசையில் பழகிய காது ‘அமைவேல்’ என்பதை ‘அமைக்காதே’ என்றே கேட்கும். கட்டளையே தலைகீழாகும். இந்த ஒன்றுக்கு மட்டும் பெயர்ச்சொல்லையே வைத்து அமைவேற்பு() என்று எழுதலாம், அல்லது அமைவை_ஏற்க() என்று வைக்கலாம். பைத்தான் 3-இல் தமிழ்ப் பெயர்கள் செல்லும், அடிக்கோடும் செல்லும். எனக்கு முதலாவதுதான் பிடித்திருக்கிறது. இலக்கணம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

இன்னொன்று, பாடத்தில் சேர்க்க வேண்டியது. ‘பில்_அச்சிடு = ஆம்’ என்று எழுதினால், ஆம்-இல்லை மதிப்பை எடுத்துத் தரும் கெட்பூலியன் என்ற கான்ஃபிக்பார்சர் செயல்கூறு அதை ஏற்காது. அதற்குத் தெரிந்தவை ஆங்கில யெஸ், நோ, ஆன், ஆஃப், ட்ரூ, ஃபால்ஸ், பிறகு 1, 0. ஆனால் கான்ஃபிக்பார்சரின் பூலியன்_ஸ்டேட்ஸ் என்ற அகராதியில் ‘ஆம்’, ‘இல்லை’ இரண்டையும் சேர்த்துவிட்டால் ஏற்றுக்கொள்ளும். கோப்பைத் திறக்கும்போது, தமிழ் எழுத்துகள் சரியாக வர, யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியாக்கத்தைக் குறிப்பிட மறக்கக் கூடாது. பழைய நோட்பேடில் சேமித்த கோப்பு தொடக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத ‘பாம்’ (BOM) என்ற குறியோடு வந்து, முதல் வரியிலேயே ‘பிரிவுத் தலைப்பு இல்லை’ என்று பிழை தரும். அதற்கு, அந்தக் குறியைத் தள்ளிவிட்டுப் படிக்கும் யூடிஎஃப்-8-சிக் (utf-8-sig) என்று கொடுக்க வேண்டும். மாமாவின் கடையில் இது இரண்டு நாளைத் தின்றது, பிள்ளைகளுக்கு அது வேண்டாம்.

வெள்ளிக்கிழமைக்குள் மறுப்பு வந்தால் மாற்றி எழுதுகிறேன். வராவிட்டால் பாடத்தின் தலைப்பு ‘அமைவேற்பு’ என்றே போகும்.

அன்புடன்,
குலசேகரத்திலிருந்து